உறவு என்ற கட்டம்

ஒரகடத்துத் தொழிற்சாலையில் எல்லாப் படிவங்களையும் மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். நம்மைப் பற்றி அதற்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் மட்டும்தான் பிழைச் செய்தி வரும். அதைச் சரிசெய்வது பூங்கோதையின் வேலை. மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். மற்ற நாட்களில் அவளுடைய அறை நீருக்கடியில் இருப்பதுபோல அமைதியாக இருக்கும்.

இன்று வந்தவர் பெயின்ட் பிரிவு இருதயராஜ். அரை நாள் விடுப்பு கேட்டிருந்தார். 'இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு: உள்ளீடு இல்லை' என்று திரை நின்றுபோயிருந்தது. அந்தக் கட்டம் நிரம்பாமல் வாயிற்கதவு அவரை வெளியே விடாது.

"நாலு மணிக்கு அடக்கம் மேடம். ஞானசேகர்னு, வெல்டிங்ல இருந்தாரு."

காலிக் கட்டத்தை ஏமாற்ற எல்லாரும் செய்வதுபோல பூங்கோதை ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். ஏற்கவில்லை. 'நண்பர்' என்று அடித்தாள். 'பதினொரு ஆண்டுகளில் இருவரும் பேசியது ஒன்பது நிமிடம்' என்று பதில் வந்தது.

"அவ்ளோ பேசிட்டமா?" என்றார் இருதயராஜ்.

"அப்புறம் என்னண்ணா பழக்கம்?"

"கம்பெனி பஸ்ல பக்கத்து சீட்டு. ஏறுனதும் என் தோள்ல சாஞ்சு தூங்கிடுவாரு. அவரு ஸ்டாப் வந்தா எழுப்பி விடுவேன். அவ்ளோதான்."

பூங்கோதை 'நண்பர்' என்பதை அழித்தாள். அவர் சொன்னதையே அடித்தாள்: 'தூங்கினால் எழுப்பி விடுபவர்'.

திரை மெல்ல வெளிறி, மீண்டும் தெளிந்தது. வாயிற்கதவுக்கு அனுமதி போயிருந்தது. விடுப்புக் கட்டத்தை அவள் இருமுறை படித்தாள். அரை நாள் அழிந்து, உடன்பிறந்தவர் இறந்தால் தரும் ஐந்து நாட்கள் அங்கே இருந்தன.