மறுபடியும் புத்தகம்

“டேப்லெட்டை எல்லாம் திருப்பி அனுப்பக் கூடாது மேடம்!” என்றார் அறிவியல் டீச்சர்.

தலைமையாசிரியைக்குத் தலை சுற்றியது. “போன வருஷம் புத்தகத்துக்குப் பதிலா டேப்லெட் வந்தப்ப, புத்தகம்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீங்கதானே? இப்ப புத்தகம் வந்தா வேண்டாங்கறீங்க. ஒண்ணுமே புரியலையே!”

“எல்லாம் பிள்ளைங்க வசதிக்குத்தான்...”

“பிள்ளைங்கதானே புத்தகம் கேட்டாங்க? இந்தாங்க, முதல் பாடத்தை வாசிங்க. அச்சு எவ்வளவு நல்லா இருக்கு!”

டீச்சர் அந்தப் பக்கத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து அகட்டினார். மறுபடியும் அகட்டினார். எழுத்து பெரிதாகவில்லை.

தலைமையாசிரியை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

“ஐயோ, கண்ணாடி போட்டா பசங்க கிழவின்னு பட்டப்பேர் வெச்சிடுவாங்க மேடம்!”

“அந்தப் பேரை எனக்கு வெச்சாச்சு. உங்களுக்கு வேறதான் வைப்பாங்க. போடுங்க!”