காலையில் பேசாதவள்

எழுந்தான். அடுப்பில் கரியைப் போட்டு விசிறினான். பித்தளை ஃபில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினான். பால் காயும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். குண்டு விழும் என்று எல்லோரும் பயந்த வருஷத்தில் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதம். ஒரு மூலை கிழிந்து, அது வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

இரண்டு டம்ளர்களில் காப்பி ஆற்றினான்.

ஒன்றைக் குடித்தான். மற்றதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலிமேல் வைத்தான். ஆறி, ஆடை படிந்ததும் கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்ப்பான். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து இப்படித்தான்.

காலை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

காலையில் அவள் பேசுகிற வழக்கமே இல்லை.

மவுண்ட் ரோடு ஓட்டலில், பட்டாளத்து அதிகாரிகள் குடித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்க, இரவெல்லாம் இங்கிலீஷ் பாட்டுப் பாடுகிறவள். மதியம்வரை வாய் திறக்கக் கூடாது என்பது பேண்டு மாஸ்டரின் உத்தரவு. தொண்டை ஓட்டலுக்குச் சொந்தம். ஒப்பந்தம் அப்படி. ஓட்டலைத் தவிர வேறெங்கும் பாடக் கூடாது. கோயிலில்கூட.

தூத்துக்குடியில் அவள் பிலோமினா. ஓட்டல் வாசல் பலகையில் மிஸ் மோனா.

தன்னைக் கல்யாணம் செய்துகொள்வாளா என்று கடற்கரையில் அவன் கேட்டதும் ஒரு காலை நேரத்தில்தான். இரவெல்லாம் தூங்காமல் யோசித்துவிட்டு, பேச முடியாதவளிடம் போய்க் கேட்டுவிட்டான்.

அவள் சிரித்தாள். பெஞ்சின் கைப்பிடியில் விரலால் இரண்டு முறை தட்டினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தட்டு டம்ளருக்கு வந்தது. தினமும் அவன் போட்ட காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். மோதிர விரலால் டம்ளரில் இரண்டு தட்டு. காப்பி விஷயத்தில் அவனுக்குத் தலைக்கனமே ஏறிவிட்டது. கல்லூரியில் மற்ற வாத்தியார்களிடம் பீற்றிக்கொள்வான்.

ஒப்பந்தம் முடிந்தால் பம்பாய்க்குப் போவாள் என்றார்கள். சினிமாவில் சேருவாள் என்றார்கள்.

அவளோ, ஒப்பந்தம் முடிந்தால் காலையில் எழுந்ததும் பேச வேண்டும் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

கதவு தட்டும் சத்தம்.

பேண்டு மாஸ்டர் ரொசாரியோ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உட்கார்ந்தார்.

"கல்லறைக்கு ஓட்டல்லயே கல்லு போடுறாங்க தம்பி. நல்ல மார்பிள். மேல மிஸ் மோனா. கீழ ஓட்டல் பேரு."

"பிலோமினா."

"அந்தப் பேரு இந்த ஊர்ல யாருக்குப்பா தெரியும்? முதலாளி பிடிவாதக்காரரு. மோனா இல்லேன்னா கல்லு இல்லேம்பாரு."

"வேணாம் மாஸ்டர். மரச் சிலுவை இருக்கு. அதுல அவ பேரு இருக்கு."

"மரம் மழையில உளுத்துடும்."

"வேற மரம் வெப்பேன்."

மாஸ்டர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். முக்காலிமேல் இருந்த காப்பி தனக்குத்தான் என்று நினைத்து எடுத்தார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"சண்டைக் காலம். கடைக்காரன் புளியங்கொட்டைய வறுத்துக் கலக்குறான்" என்றார் மரியாதைக்கு.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"பேண்டுப் பசங்க ஒண்ணு பேசிக்கிறாங்க. ரோட்டுல கெடந்தப்போ உன் பேரைச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாளாமே. நெசமாப்பா?"

அவன் ஆமென்று தலையசைத்தான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவள் எதையும் சொல்லியிருக்க முடியாது. தெருமுனையில் பட்டாளத்து லாரி. அவன் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் கையில் காப்பித்தூள் பொட்டலம். நூல்கூட அவிழவில்லை.

இன்னும் அவிழவில்லை. அலமாரியில் இருக்கிறது. அவன் பழைய தூளையே போடுகிறான்.

ஒப்பந்தம் முடிந்து, ஓட்டலில் அவள் கடைசியாகப் பாடிய இரவுக்கு மறுநாள் காலை அது. வழக்கம்போலக் காப்பி கொடுத்தான். ஒரு வாய் குடித்தாள். தட்டவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

காலையில் அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. கட்டியிருந்தது. தூக்கம் கலையாத குழந்தையின் குரல் மாதிரி இருந்தது.

"சகிக்கல. மத்தியானம் சொல்லலாம்னா மறந்து போவுது. இத்தன நாளும் ரெண்டு தட்டு தட்டுனது ஒங்களுக்கு. காப்பிக்கில்ல. இருங்க, நல்ல தூளா வாங்கிட்டு வாரேன்."