பக்கத்தில் நிற்கும் முகம்

தி.நகரில் ஏழு மாடிக் கடை ஒன்றின் மேக்கப் கவுண்டருக்கு ஆள் எடுத்தார்கள். மற்ற பெண்களெல்லாம் பார்லருக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்துவிட்டு, தூக்கமில்லாத கண்ணும் பருவுமாகப் போய் நின்றேன். அங்கிருந்த ஏ.ஐ. கண்ணாடி எங்களை வரிசையாகப் பார்த்து, என்னைத் தேர்ந்தெடுத்தது. பார்லர் முகங்கள் வெந்து போனதை ரசித்தபடியே கையெழுத்துப் போட்டேன். அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தாள்.

முதல் நாளே விஷயம் புரிந்தது. எந்த நிறம் பொருந்தும் என்று சொல்வது, பூசிக் காட்டுவது, விற்பது எல்லாம் கண்ணாடிதான். நான் வாடிக்கையாளரின் பக்கத்தில் நின்றால் போதும். அந்த மகராசிகள் கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், உடனே மனம் குளிர்ந்து இன்னொரு லிப்ஸ்டிக்கும் எடுப்பார்கள். கடையிலேயே பவுடர் போடக்கூடாத ஒரே ஆள் நான்தான். சட்டையில் குத்திய பேட்ஜில் மட்டும் ‘அழகு ஆலோசகர்’ என்று போட்டிருந்தது.

அப்பா தேறி வீட்டுக்கு வந்தார். நானும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தேன்.

போன வாரம் மேனேஜர் பிரசன்னா கூப்பிட்டார்.

“சுகிர்தா, உங்க கவுண்டர்ல சேல்ஸ் இறங்குதும்மா. உங்க முகம் தெளிஞ்சுட்டே வருதுன்னு கண்ணாடி சொல்லுது. வீட்ல ஏதாவது நல்லது நடந்துச்சா?”

“அப்பாவுக்குக் குணமாயிடுச்சு சார்.”

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுத்தார்.

“டாக்டர் என்ன சொல்றாரும்மா? அது மறுபடியும் வரக்கூடிய வியாதிதானே?” என்று நம்பிக்கையோடு கேட்டார்.