பெல்ட்டில் வந்த இலை

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டின் அருகே நின்று கல் பொறுக்குவது சவரிமுத்துவின் வேலை. பெல்ட் நெடுக ஒரு சிவப்புக் கயிறு உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால் மட்டும் அதை இழுத்து பெல்ட்டை நிறுத்த வேண்டும். சும்மா இழுத்தவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அன்று வந்த ஒரு பலகைக்கல்லில் பெரணி இலை ஒன்று நரம்பு பிசகாமல் கரித்தடமாகப் படிந்திருந்தது. கை எட்டுவதற்குள் அது தாண்டிப் போகவே சவரிமுத்து கயிற்றை இழுத்துவிட்டான்.

எதிர்ப்பக்கம் நின்ற கண்ணாயிரம் ஓடிவந்தான். “லேய், எங்கல மாட்டுன?”

“நான் மாட்டல. இந்த இலை கொதிகலனுக்குப் போகப் பாத்துச்சு.” சவரிமுத்து கல்லை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்து அழுத்திப் பிடித்திருந்தான். “மனுசனே பொறக்காத காலத்து இலை, லேய்.”

“அப்ப அதுக்கு என்னல அவசரம்?” கண்ணாயிரம் கல்லைப் பிடுங்கிக் கழிவுக்குழியில் எறிந்தான். அது கீழே விழுந்து நொறுங்கியது. “சூப்பர்வைசர் வாராரு. கை மாட்டிச்சுன்னு சொல்லு. கொஞ்சம் ரத்தமாவது காட்டு.”

சூப்பர்வைசர் தணிகாசலம் மூச்சிரைக்க வந்தார். “எந்தக் கை?”

சவரிமுத்து வலது கையை நீட்டினான். ரத்தமில்லை, கீறலுமில்லை. உள்ளங்கை வியர்வையில் அந்த இலை கரியாக ஒட்டியிருந்தது. காம்பு மணிக்கட்டில் இருந்தது, நுனி நடுவிரலில். துடைத்துப் பார்க்கப் போன தணிகாசலத்தின் கட்டைவிரல் பாதியில் நின்றது. ஆள் உயிரோடு இருக்கிறானா என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“கையை மூடிராத,” என்றார் தணிகாசலம்.