யாரும் திறக்காத குளிர் அறை

ஹுவான் ஆற்றோரப் பேரிக்காய்த் தோட்டக்காரர் கூட்டத்துக்கு வந்தவர்கள்: மேசைத் தலைமாட்டில் தலைவர் டெரன்ஸ், ஜன்னலோரம் மர்லீன், ஹீட்டரை ஒட்டி நெவில், கதவருகே செயலாளனான நான். எதிரே, அழுகிய பேரிக்காய்ப் பெட்டியோடு ஆராய்ச்சிக்காரி ஃபிரேயா.

தேன்மெழுகும், எலுமிச்சை மணக்கும் மிர்ட்டில் இலை எண்ணெயும் பூசினால், மருந்தே இல்லாமல் பழம் குளிர் அறையில் வசந்தம்வரை கெடாது என்பது அவள் கணக்கு. நாங்கள் கைவிட்டால் அவள் வேலையும் போய்விடும்.

“அறைக் கதவை யாராச்சும் திறந்தீங்களா? குளிர் ஏறி இறங்குனா எதைப் பூசினாலும் நிக்காது,” என்றாள் ஃபிரேயா.

“‘திறக்காதே’ன்னு நீ எழுதி ஒட்டினப்புறம் எவன் திறப்பான்?” என்றார் டெரன்ஸ்.

“உன் எண்ணெய் சாலட்டுக்குத்தாம்மா லாயக்கு,” என்றார் நெவில்.

ஆராய்ச்சியை நிறுத்தும்படி, நிதி தரும் துறைக்குக் கடிதம் எழுதி முடித்தேன். கூட்டம் முடிந்தால் பீர் குடிப்பது வழக்கம். டெரன்ஸ் எழுந்து போய் ஒரு பெட்டி பீர் கொண்டுவந்தார்.

“நல்லா சில்லுன்னு இருக்கே! எங்க வெச்சிருந்தீங்க?” என்றாள் ஃபிரேயா.

“உன் குளிர் அறையிலதான். அங்கதான் எவனும் கை வைக்க மாட்டான்.”

நெவில் நிமிர்ந்தார். “யோவ், அப்ப அங்க என் பெட்டியில தினம் ரெண்டு பாட்டில் குறைஞ்சது உன் வேலையா?”

“உன்னுதா? மர்லீனோடதுன்னு நினைச்சேன்.”

“என்னோடது பின்வரிசையில இருக்கு,” என்றார் மர்லீன்.

ஃபிரேயா அழுகிய பழப் பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினாள். நான் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்: ‘ஆராய்ச்சி இன்னும் ஓராண்டு தொடர வேண்டும். அதன் வெற்றிக்கு, பீர் வைக்கத் தனியாக ஒரு ஃபிரிட்ஜும் அவசியம்.’

எல்லோரும் கையெழுத்திட்டார்கள். உறையை ஃபிரேயாவே ஒட்டி, தபாலில் போடக் கையோடு எடுத்துப் போனாள்.