சசிரேகா பேசும் அறை

மூடிய கதவுக்குள் சசிரேகா சிரிக்கும் சத்தம் கேட்டது.

வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எட்டு மாதமாவது இருக்கும்.

தண்டலம் ஆலோசனை மையத்தின் வராந்தாவில் ஐந்தாவது வியாழக்கிழமையாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி. அவளோடு பேசிக்கொண்டிருப்பவர் ஷாலின் மேடம், மனநல ஆலோசகர்.

வாரம் ஒரு மணி நேரம். எனக்கு அவ்வளவு நேரம் கொடுத்ததே இல்லை அவள்.

வல்லம் வடகாலில் ஒரு செல்போன் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில் மூன்று முறை மூச்சடைத்துவிட்டது. நெஞ்சு படபடத்து, கை மரத்து, செத்துவிடுவேன் என்று அழுதிருக்கிறாள். ஈசிஜி எடுத்த டாக்டர், இதயத்தில் கோளாறில்லை, இது பதற்றம், பேசித்தான் சரிசெய்ய வேண்டும் என்று இங்கே அனுப்பினார்.

பேசுவதற்கு நான் இல்லையா?

உள்ளே என்ன பேசினாய் என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன். ஒன்றுமில்லை என்பாள். மேடம் எழுதச் சொன்ன நோட்டை பீரோ முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. மேடம் ஒரு பெண் என்பதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை.

கதவு திறந்தது. மேடம் என் பெயரைச் சொல்லி உள்ளே அழைத்தார். கூட இருப்பவர்களோடு உள்ள உறவையும் பார்த்தால்தான் இது குணமாகும் என்றார்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஓவர்டைம் கொடுத்தே அவளைக் கொல்கிறார்கள் என்றேன்.

மேடம் சசிரேகாவைப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“காலைலயும் அதே பஸ்ஸுதான் மேடம். அப்ப ஒண்ணும் ஆவறதில்ல. சாயங்காலம் சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பிங்ல இவரு பைக்கோட நின்னுகினு இருப்பாரு. இவரு கண்ணுல பட்டதும்தான் மூச்சு அடைக்குது.”

இரண்டு வருடமாக ஒருநாள் தவறாமல் நின்றிருக்கிறேன். மழையில்கூட.

அவள் இறங்கியதும் முதலில் என்ன கேட்பீர்கள் என்று மேடம் கேட்டார். குரலில் குற்றம்சாட்டும் தொனி இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பேன் எனச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சசிரேகா என் முகத்தைப் பார்த்தாள்.

“பக்கத்து சீட்ல யாரு உக்காந்து வந்தான்னு கேப்பேன்” என்றேன்.

அதற்கப்புறம் அவள் போனை வாங்கிப் பார்ப்பேன் என்பதையும், யாரும் கேட்காமலே சொன்னேன்.