பாதியில் நின்ற தொடர்

"இப்படி வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா எப்படிக்கா? டிவியாவது பாரேன்" என்றாள் தங்கை.

"வேணாம்டி."

"சிரிப்புத் தொடர் ஒண்ணு வந்திருக்கு, வயிறு புண்ணாயிடும். இல்ல, துப்பறியும் தொடர்? அதுன்னா உனக்கு உயிராச்சே!"

"அப்புறம் பார்க்கிறேன். நீ டிவியைத் தொடாதே." அக்கா காபி போட உள்ளே போனாள்.

தங்கை கேட்கவில்லை. டிவியைப் போட்டதும், யாரோ பாதி பார்த்து நிறுத்திய ஒரு தொடர் 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் முன்னால் வந்து நின்றது. இது ஒழிந்தால்தான் அக்கா புதிதாக எதையாவது பார்ப்பாள் என்று, அதைக் கடைசிவரை வேகமாக ஓட்டி முடித்தாள். திரையிலிருந்து அது மறைந்தது.

"பழசைத் தூக்கிட்டேன்க்கா. இனி புதுசா ஆரம்பி!"

அக்காவின் கையிலிருந்த காபி தரையில் கொட்டியது.

"அடிப்பாவி! என் புள்ள நிறுத்தி வச்சதுடி. 'வந்து மீதியைப் பார்க்கிறேம்மா'ன்னு பைக்கை எடுத்துட்டுப் போனவன், பொணமாத்தானே வந்தான்!"

தங்கை ரிமோட்டை மறுபடி எடுத்தாள். "எந்த இடத்துலக்கா நின்னுது? சொல்லு, திரும்ப அங்கயே கொண்டுபோய் நிறுத்திடறேன்."

"எனக்கு எப்படிடி தெரியும்?" அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நகர்ந்துடுமோன்னு பயந்து, நான் ஒரு தடவைகூட ஓடவிட்டதில்லையே."